தாட்சாயணி வேண்டிக்கொண்டது

கத்தி உச்சந்தலையைத் தொட்டதும் வேணு கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். இனித் தப்பிக்க வழியே இல்லை. பின்னால் நின்ற அவன் மனைவி தாட்சாயணியோ, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

திருமலையில் மொட்டை போடும் கல்யாணகட்டாவில் நாள் பூராவும் தலைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் வேணுவின் தலை அந்த ரகமில்லை ஐயா. காலேஜ் நாளிலிருந்து எண்ணெய், சீயக்காய், ஜெல் என்று பார்த்துப் பார்த்து வளர்த்த சுருட்டை முடி. நாகலாபுரத்தில் அவனைத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த முடியைத் தெரியும்.

திங்கட்கிழமை ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் புது வேலையில் சேரப் போகிறான். அன்றைக்கே ஐடி கார்டுக்குப் போட்டோ எடுப்பார்களாம். இனி வருஷக்கணக்காகக் கழுத்தில் தொங்கப்போவது மொட்டைத் தலைதான்.

ஆனாலும் தலையைக் குனிந்து கொடுத்தான். பெண்டாட்டி வேண்டிக்கொண்ட மொட்டை. மாட்டேன் என்று எந்தப் புருஷன் சொல்வான்?

தாட்சாயணி வேண்டுதல் வைக்கிற ஆள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவளுக்கு எப்போதும் லேப்டாப்பும் அதிலிருக்கும் ஒரு விளையாட்டும்தான். கோட்டை, காடு, டிராகன் என்று ஒரு பெரிய உலகமே அதற்குள் கிடக்கிறது. வாளெடுத்த வீரனாகவும் ஆடலாம், மந்திரவாதியாகவும் ஆடலாம். அவளுக்கு அதெல்லாம் வேண்டாம், திருடனாகத்தான் ஆடுவாள்.

சுவரோரமாகப் பதுங்கிப் போவாள், தீவட்டியை அணைப்பாள், தூங்கும் காவல்காரன் இடுப்பிலிருந்து சாவியை உருவுவாள். அதிலும் ஒரே உயிர் என்கிற கணக்கில்தான் ஆடுவது. மாட்டினால் சேர்த்ததெல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. நம்ம வீட்டு பீரோ சாவியாவது மிஞ்சுமா என்று வேணு கிண்டல் செய்வான்.

அவன் அம்மா ரத்னம்மாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். விளக்கேற்ற வந்தவள் இப்படி விடிந்தால் எழுந்தால் திருடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று தெருவெல்லாம் சொல்லிப் புலம்புவாள்.

அப்படிப்பட்டவள்தான், வேணு இன்டர்வியூவுக்குக் கிளம்பிய அன்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள். எனக்காகப் பெருமாளை வேண்டிக்கொள் என்று அவன் சொன்னதற்கு, சரி என்று தலையாட்டினாள். இதற்கு முன்னால் ஏறி இறங்கிய கம்பெனிகள் எதுவும் அவனை எடுத்துக்கொள்ளவில்லை.

நல்ல வேளை, இந்தத் தடவை கிடைத்துவிட்டது. சத்தியவேடு பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்ததே தவிர, தாட்சாயணி எடுக்கவில்லை. சரி, நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டான்.

வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளேயிருந்து ஓடி வந்தவள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிகுதியென்று குதித்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“பெருமாள் காப்பாத்திட்டாரு மாமா. உன் தலையத்தான் வேண்டிக்கினு இருக்கேன்.”

வாயைத் திறப்பதற்குள் விஷயம் தெரிந்துவிட்டதே, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாளே என்று வேணு உருகிப்போனான். அந்த உருக்கத்தில் முடி போவதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கே லேப்டாப்பை மூடிப் பீரோ மேல் ஏற்றிவிட்டாள் தாட்சாயணி. மொட்டை போடும்வரை அதைத் தொடுவதில்லையாம். என்னவென்று வேண்டிக்கொண்டாய் என்று கேட்டால், முடிப்பதற்குள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று உதட்டில் விரலை வைத்தாள்.

ரத்னம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புருஷன் வேலைக்காக உயிராய் இருந்த விளையாட்டையே தூக்கிப் போட்டுவிட்டாள் என் மருமகள் என்று, திட்டின அதே வாயால் தெருவெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள். மலைக்கு வந்த பஸ்ஸிலும் அதே பாட்டுதான். பக்கத்து சீட்டு அம்மாளுக்குத் தெலுங்கில் ஒரு தடவை, முன் சீட்டு அம்மாளுக்குத் தமிழில் ஒரு தடவை.

இதோ, கடைசிச் சுருளும் விழுந்துவிட்டது. வேணு குளித்து, தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டான். மூவரும் தரிசனம் முடித்து வெளியே வந்ததும் ரத்னம்மா லட்டு வாங்கப் போனாள்.

மலைக்காற்று மொட்டைத் தலையில் ஜில்லென்று பட்டது. வேணுவுக்கு ஏனோ சிரிப்புச் சிரிப்பாக வந்தது. முடி போனால் முளைக்கும், போட்டோ எப்படி வந்தால் என்ன, இப்படி ஒருத்தி கிடைப்பாளா? தாட்சாயணியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லு தாட்சா. எனக்கு வேல கெடைக்காம போயிடும்னு அவ்ளோ பயந்துக்கினு இருந்தியா?”

தாட்சாயணி அவனுடைய சந்தனத் தலையை ஆசையாகத் தடவிக் கொடுத்தாள்.

“உனக்கு வேல எப்படியும் கெடச்சிடும்னு எனக்குத் தெரியாதா மாமா? அன்னிக்கு ராஜா கிரீடத்த தூக்கிக்கினு காவக்காரங்க நடுவுல நின்னான் பாரு என் திருடன், அவனுக்குத்தான் பெருமாள வுட்டா யாருமில்ல.”