திரும்பாம குத்தணும்

“கால் ரெண்டும் மரத்துப்போச்சுடி இன்சாஃப். கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம்போல இருக்கு.”

ராவியா, ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் காலையிலிருந்து நின்றபடியே விரிப்புகளைத் தேய்த்தவள். இம்பாபா போகும் பஸ்ஸிலும் நிற்கத்தான் இடம். பக்கத்தில், கூட வேலை பார்க்கும் இன்சாஃப்.

“உள்ள போங்க, உள்ள போங்க!” கண்டக்டர் கத்தினார்.

“எங்கய்யா போறது? டிரைவர் மடியிலயா?” என்றாள் இன்சாஃப். நாலு பேர் சிரித்தார்கள்.

அத்தபா நிறுத்தத்தில் இன்னும் ஒரு கும்பல் ஏறியது. ராவியா முக்காட்டு ஊசியை உருவி விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

“ஆரம்பிச்சுட்டியா?”

“போன வாரம் ஒருத்தன் பண்ணினதுக்கு, வீட்டுக்குப் போய்த் தோல் உரியத் தேய்ச்சுக் குளிச்சேன். இன்னொரு தடவ என்னால முடியாதுடி.”

“குத்துறதுக்கு முன்னால யாருன்னு பாரு.”

“பார்க்கவே கூடாது. பார்த்தா அவன் இளிப்பான், நமக்குக் கை நடுங்கிடும். திரும்பாம குத்தணும்.”

பஸ் பாலத்தில் ஏறியது. இடுப்புப் பக்கம் அங்கியில் ஏதோ பட்டது. கூட்டம்தானே என்று ராவியா விட்டுவிட்டாள். மறுபடியும் பட்டது. இந்தத் தடவை துணியைப் பற்றி இழுத்தது.

குத்தினாள். நன்றாகவே இறங்கியது. கை வெடுக்கென்று விலகியது.

“சத்தமே வரலியே?” என்று காதோரம் கேட்டாள் இன்சாஃப்.

“எப்படி வரும்? கத்தினா பஸ்ஸே சேர்ந்து மொத்துமில்ல? முழுங்கிக்கிட்டு நிப்பான், திருட்டு நாய்.”

இரண்டு பேரும் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராவியாவுக்குக் கால்வலிகூட மறந்துபோனது.

பாலம் தாண்டியதும் பாதி பஸ் இறங்கியது. இறங்குகிற ஆண்களின் கைகளையே ராவியா பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு தடியன் சட்டையை இழுத்துவிட்டபடி அவசரமாக இறங்கினான். அவன் கைகளும் சுத்தம்.

“ஒருத்தன் கையிலயும் ரத்தத்தக் காணோமேடி.”

கடைசியாகப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி வந்தாள். புத்தகப் பையை நெஞ்சோடு இறுக்கியிருந்தாள். அவள் புறங்கையில் ரத்தம் கோடாக வழிந்திருந்தது.

“உங்களைத்தான் கூப்பிட்டேன் அக்கா,” என்றாள். “இப்ப இறங்கினானே, அவன் எனக்குப் பின்னால நின்னான். கத்த வாய் வரல.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பஸ் கிளம்பிய பிறகுதான் ராவியா ஜன்னல் வழியாக அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.