ஒருவர் மட்டும்

"இந்தப் படத்த யாரும்மா எடுத்தது?"

கேட்டவர் நடுவில் அமர்ந்திருந்த பெண். நரைத்த கிராப். குரலில் கோபம் இல்லை.

தாரணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் அவள் மட்டும். திரைப்படக் கல்லூரியில் இயக்குநர் படிப்புக்கு நேர்முகத் தேர்வு.

"இதே பதினாலு நிமிஷப் படம் இன்னொருத்தர் பேர்லயும் வந்திருக்கு. உங்களுக்கு முன்னாடி வந்தாங்களே, இந்துஜா. அவங்க."

அது அவளுக்குத் தெரியும்.

படத்தை இருவரும் சேர்ந்துதான் எடுத்தார்கள். பெருந்துறையில், ஒரே கேமராவை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு, எட்டு மாதம். இந்துஜாவின் அம்மா சரசாளைத்தான் எடுத்தார்கள். நூல் மில்லில் அவர் நின்றுகொண்டே வேலை செய்வது. நின்றுகொண்டே சாப்பிடுவது. வீட்டுக்கு வந்த பிறகும் உட்கார மறந்துபோவது.

விண்ணப்பத்தில் இயக்குநர் பெயருக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், ஒருவர் மட்டும்.

"ஆளுக்கொண்ணு அனுப்பிருவோம் புள்ள. யாராச்சும் ஒருத்தி உள்ள போனாலும் சரிதான்," என்றாள் இந்துஜா.

பெயரை மட்டும் மாற்றி இரண்டு முறை அனுப்பினார்கள். ஒரே நாளில், ஒரே அறைக்கு, அடுத்தடுத்துக் கூப்பிடுவார்கள் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கால் மணி நேரத்துக்கு முன் இந்துஜா உள்ளே போய் வந்தாள். கதவருகே இருவரும் எதிரெதிரே நின்றார்கள். என்ன கேட்டார்கள் என்று விசாரிப்பதற்குள் இவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்துஜா இவளுடைய துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டு விலகிக்கொண்டாள்.

"அவங்ககிட்டயும் இதையேதான் கேட்டோம்," என்றார் அந்தப் பெண். "படம் தாரணியோடது, நான் சும்மா கூட இருந்தேன்னு சொல்லிட்டாங்க. விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கிறதா எழுதியும் குடுத்துட்டாங்க."

ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

இந்துஜாவின் கையெழுத்து. அவசரமாக எழுதியதுபோல் இல்லை.

"சரிதானே, தாரணி?"

இல்லை என்றால் இந்துஜா பொய் சொன்னவள். இருவருமே வெளியே.

ஆமாம் என்றால்?

அவளால் அதை யோசித்து முடிக்க முடியவில்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"ஆமாங்க மேடம்."

ஓரத்தில் இருந்தவர் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"அந்த பஸ் ஷாட். அந்தம்மா ஜன்னல்ல தலை முட்ட முட்டத் தூங்குறாங்க. மூணு நிமிஷம், கட்டே இல்ல. ஏன் அவ்வளவு நேரம் விட்டீங்க?"

அன்று அவள் அந்தப் பேருந்திலேயே இல்லை. காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். எடிட்டிங்கின்போது அதைப் பாதியாக வெட்டச் சொன்னதும் அவள்தான். இந்துஜா முடியாது என்றுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு ஒரே ஒரு காரணம் சொன்னாள்.

அதைத் தவிர வேறு பதில் அவளிடம் இல்லை.

"கட் பண்ணுனா அவங்க முழிச்சிக்குவாங்கன்னு பயமா இருந்துச்சுங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து எழுதினார். நீளமாக எழுதினார்.

மற்ற இருவரும் எழுதினார்கள்.

"ரொம்ப நல்ல பதில்மா," என்றார் நடுவில் இருந்தவர். "போகலாம்."

எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பினாள். மேசையில் அடுத்தவருடைய கோப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

வெளியே வெயில். இந்துஜா படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நல்லாப் பண்ணுனியா?"

அவள் தலையை அசைத்தாள். அதற்கு மேல் கேட்காமல் இந்துஜா போனை நீட்டினாள்.

"அம்மா. உங்கிட்டப் பேசோணுமாமா."

மில்லில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. சரசாளின் குரலுக்குப் பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"முடிஞ்சுதா சாமி? ஹாஸ்டல்ல உங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போடச் சொல்லிட்டு வாங்க. அவ தனியாப் படுக்க மாட்டா."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

இந்துஜா இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊருக்குப் போகும் பேருந்து எங்கே நிற்கும் என்று வாசல் காவலாளியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.