பாதி கடித்த கிளை

ஆற்றங்கரை அத்திமரத்தின் நீண்ட கிளையில் அணில் குட்டிகளுக்குத் தாவல் பாடம் நடந்துவந்தது. வாத்தியார் ஒரு கிழக் குரங்கு. மாதம் ஒரு பழமாக இருந்த கட்டணத்தை அவர் திடீரென்று மூன்றாக்கிவிட்டார். கொடுக்க வழியில்லாத குட்டிகள் எல்லாம் பாடத்தை விட்டு இறங்கி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டன.

தாய் அணில் மரகதம் மரத்தடிக்கு ஓடிவந்தாள். அவள் மூத்த மகன் கொறியன்தான் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்றான்.

"கும்பிட்டுக் கேட்டோம்மா. மேலேயிருந்து சுள்ளியை எறிஞ்சார். இனிக் கிளையைக் கடிச்சாத்தான் அவருக்குக் காது கேட்கும்."

"வேண்டாம்டா கண்ணு. பழம் கொடுத்த பிள்ளைங்க மேலே உட்கார்ந்திருக்கு. முறிஞ்சா அதுங்கதான் விழும். அவர் ஒரே தாவுல அடுத்த கொப்புக்குப் போயிடுவார்."

"அப்ப வேற என்ன செய்யலாம்னு நீயே சொல்லு."

மரகதம் தன் கூட்டை நிமிர்ந்து பார்த்தாள். கூட்டில் பழம் இல்லாததும் உண்மைதானே. கடவுளே, நீதான் துணை என்று கண்ணை மூடிக்கொண்டாள். குட்டிகள் கிளையைக் கடிக்கும் கறக் கறக்கென்ற பல் சத்தம் அவள் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது.

கிளை பாதி அறுபட்டபோது வாத்தியார் தலையை நீட்டினார். "நிறுத்துங்கடா பாவிகளா. பழையபடி ஒரு பழமே கொண்டாங்க."

மரத்தடியில் ஒரே கும்மாளம். "பார்த்தியா, பயந்தாங்கொள்ளி அம்மா" என்று கொறியன் சிரித்தான்.

மறுநாள் அவனே தன் தங்கை சிட்டுவைப் பாடத்துக்கு ஏற்றிவிட்டான். தாவிப் பழக அந்த மரத்தில் வேறு நீண்ட கிளை இல்லை. குட்டிகள் வரிசையாகப் பாதி கடித்த அதே கிளைமேல் போய் உட்கார்ந்தன.

கீழே நின்ற மரகதம், ஆற்றுப் பக்கமிருந்து காற்று வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.