மாமியாருக்கு ஷட்டவுன்

“மாமியார் கதையை இப்பவே முடிச்சிரலாமா?” என்று கேட்டுவிட்டு, ஆபீஸ் நெட்வொர்க்கைச் சோதிக்க முதலாளி வரவழைத்திருந்த நிபுணர் கோட்டின் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

கூட்ட அறையே சிரித்தது. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வேலை இருக்குமா போகுமா என்பது இன்று நிபுணரின் வாயில் இருந்தது.

பெரிய திரையில், ஒவ்வொரு லைனும் வந்து சேரும் ரவுட்டரின் போர்ட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த அம்மாள் ஒரு பெயர் எழுதி வைத்திருந்தார். முதலாளியின் லைன் ‘மாப்பிள்ளை’. கொஞ்சம் வேகம் குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பிரிண்டர் ‘சித்தப்பா’, கூப்பிட்ட நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை.

“இது ஆபீஸா, கல்யாண வீடா?” என்றார் நிபுணர். கோட்டுப் போட்டவர் கேட்டால் எந்தக் கேள்வியும் ஆழமாகத்தான் தெரியும். முதலாளி பலமாகத் தலையாட்டினார்.

“எது எதுன்னு மறந்துடக் கூடாதுன்னு, குணத்துக்கு ஏத்த மாதிரி வெச்ச பேரு சார். அதுலயும் மாமியார் ரொம்பக் கண்டிப்பு. யாரு என்னன்னு பார்த்துட்டுத்தான் விடுவாங்க. அவங்களை மட்டும்...”

“உங்க வீட்டுக் கதையெல்லாம் எதுக்கும்மா? இந்தப் போர்ட்ல டேட்டாவே போகலை பாருங்க. எப்பவாவது ஒரு சொட்டு வருது. சுத்த தண்டம்!”

“சார், ஒரு நிமிஷம்...”

“அவர் பெரிய பெரிய கம்பெனியெல்லாம் பார்த்தவர். வேலையைச் செய்ய விடுங்க,” என்றார் முதலாளி. ரவுட்டருக்கும் ரேடியோவுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

நிபுணர் மாமியாரைத் தேர்ந்தெடுத்து, ‘ஷட்டவுன்’ என்று ஒவ்வொரு எழுத்தாக ரசித்து அடித்தார். எல்லோரும் அவரவர் கைபேசியைப் பார்த்தார்கள். இணையம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

“பார்த்தீங்களா? குடியா முழுகிப் போச்சு?”

இரண்டு பேர் கைதட்டினார்கள். நிபுணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதலாளி அந்த அம்மாளிடம் திரும்பினார். “இத்தனை வருஷமா எங்க காதுல பூ சுத்தியிருக்கீங்க. இனிமே நீங்க வர வேண்டாம். இப்பவே கிளம்புங்க!”

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போனார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சுவரில் இருந்த சின்னப் பெட்டியில் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தடவை காட்டினார். அதே சிவப்பு.

“தள்ளுங்க,” என்று முதலாளி தன் அட்டையைக் காட்டினார். அவருக்கும் சிவப்புதான். நிபுணர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். கதவு அசைந்து கொடுக்கவில்லை.

“என்னம்மா இது?” முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“நான் போகத் தயார்தான் சார். மாமியார் விட மாட்டேங்கறாங்க.”