மூன்றாவது படகு

“போலீஸ் கேட்டா என்னலே சொல்லணும்?”

லோடு வேன் விளாத்திகுளம் தாண்டியதும் முதலாளி லட்சுமிகாந்தம் மறுபடியும் ஆரம்பித்தார்.

“மொதலாளி அங்கன வரவே இல்லைங்கய்யா,” என்றான் போர்மேன் முனியராஜ், முதல் பெஞ்சுப் பையன் மாதிரி.

“பெத்தணா, நீ சொல்லு.”

வேனை ஓட்டிக்கொண்டிருந்த பெத்தணன் தலையைச் சொறிந்தான். “மொதலாளி வந்தாக... ஆனா உள்ள வரலைங்கய்யா.”

“நாசமாப் போச்சு!” லட்சுமிகாந்தம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “எம்புட்டு வருசமாலே சொல்லித் தாரேன்? எது நடந்தாலும் சரி, யாரு கேட்டாலும் சரி, மொதலாளி அங்கன இல்ல. அம்புட்டுத்தான்!”

இரண்டு வருஷத்துக்கு முந்தி, சித்திரை வெயிலில், அவருடைய பட்டாசு கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்து மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். வெயில் ஏறிய பிறகு மருந்து கலக்கக் கூடாது. ‘ஆர்டர் நிக்குதுல்ல, கலக்குங்க’ என்று பக்கத்திலேயே நின்று விரட்டியவர் லட்சுமிகாந்தம்தான். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது இந்த இரண்டு பேர் மட்டும். நாளைக்குக் கோர்ட்டில் அவர்கள் சாட்சி சொல்ல வேண்டும்.

“குறுக்கு விசாரணையில இவிங்க உளறிருவாங்க அண்ணாச்சி. பத்து வருசம் உள்ள போயிருவீக. யாராவது செத்தாத்தான் இந்தக் கேஸு முடியும்,” என்று வக்கீல் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

லட்சுமிகாந்தம் சிரிக்கவில்லை. அந்த வாரமே தூத்துக்குடிக்குப் போய் மூன்று கயாக் வாங்கிவந்தார். ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்னப் பிளாஸ்டிக் படகு அது. போனஸ் கேட்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற மனுஷன், ‘வாங்கலே, கடல்ல மீன் பிடிச்சு அங்கனயே பொரிச்சுத் திம்போம்’ என்று கூப்பிட்டதில் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

வேம்பாரைத் தாண்டி ஆளில்லாத ஒரு கரையில் வேன் நின்றது. ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மீனவர்கள் எல்லாரும் மாதா கோயிலில் இருந்தார்கள். கடலில் ஒரு படகு கிடையாது.

“நீச்சல் தெரியுமாலே?”

“கெணத்துலகூட எறங்குனதில்ல மொதலாளி,” என்றான் முனியராஜ்.

“குளிக்கிறதே வாளியிலதான்,” என்றான் பெத்தணன்.

“ரொம்ப நல்லது.”

மிதவைச் சட்டைகளை லட்சுமிகாந்தமே தன் கையால் அவர்களுக்கு மாட்டிவிட்டார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு கத்தியைச் செருகிக்கொண்டார்.

படகுகள் அலையில் ஏறி இறங்கின. பெத்தணன் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். முனியராஜ் வீசிய தூண்டில் அவன் சட்டையிலேயே மாட்டியது. “மொதலாளி, வயித்தக் கலக்குது, திரும்பிருவோமா?” என்று கத்தினான்.

“இன்னும் கொஞ்சம் போவோம்லே. அங்கனதான் பெரிய மீனு கெடக்கு!”

கரையில் நின்ற வேன் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தபோது, “இங்கன போதும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் லட்சுமிகாந்தம். கத்தி கைக்கு வந்தது.

அடுத்த பெரிய அலையில் ஒரு படகு கவிழ்ந்தது. லட்சுமிகாந்தத்தின் படகு.

“ஏலே... காப்பாத்துங்கலே!” கை இரண்டு தரம் மேலே வந்தது. வார் அறுந்த மிதவைச் சட்டை மட்டும் தனியாக மிதந்தது. அப்புறம் கையும் இல்லை, குரலும் இல்லை.

“மொதலாளி! அய்யோ மொதலாளி!” இரண்டு பேரும் அழுத அழுகை காற்றோடு போனது.

ஒரு மணி நேரம் கழித்து, தள்ளியிருந்த ஆற்று முகத்துவாரத்தில், கருவேலம் புதருக்குப் பின்னால் லட்சுமிகாந்தம் தலை துவட்டிக்கொண்டிருந்தார். சின்ன வயசில் ஆனைக்குட்டம் அணையில் முங்குநீச்சலில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மாற்றுத் துணியை முந்தின நாளே அங்கே ஒளித்து வைத்திருந்தார்.

செத்தவன் மேல் கேஸ் நடக்காது. ஆனால் செத்ததைப் பார்த்த சாட்சி வேண்டும். தண்ணீரில் குதித்துத் தேடத் தெரியாத, உயிரோடு கரை சேருகிற சாட்சி. முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது அதற்குத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ராமநாதபுரத்தில் ஒரு டீக்கடை. தன் சாவுச் செய்தியைப் படிக்க ஆசை ஆசையாகப் பேப்பரை விரித்தார்.

‘பட்டாசு ஆலை அதிபர் தலைமறைவு! பிடிக்க நான்கு தனிப்படை!’ பக்கத்திலேயே அவருடைய போட்டோ, பளிச்சென்று.

லட்சுமிகாந்தம் தலைப்பை இன்னொரு தரம் படித்தார். தலைமறைவா? முங்கினதை ரெண்டு பேர் பார்த்தாங்களே!

கீழே படித்தார். அந்த இருவரோடு கணவர் கடலுக்குப் போனதாக மனைவி ஞானசுந்தரி சொன்னதைப் போலீஸார் நம்பவில்லை. வேனில் இருந்தது இரண்டு படகுகள்தான். மூன்றாவது படகையோ, மூன்றாவது மிதவைச் சட்டையையோ எங்கேயும் காணவில்லை. விடிய விடிய விசாரித்தும், அழுது வீங்கிய கண்களோடு இருவரும் ஒரே வாக்குமூலத்தையே கொடுத்திருக்கிறார்கள்.

டீ மாஸ்டர் பேப்பரைப் பார்த்தார். லட்சுமிகாந்தத்தைப் பார்த்தார். மறுபடியும் பேப்பரைப் பார்த்தார்.

இந்தத் தடவை டிரைவர் பெத்தணன்கூட ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லியிருந்தான்: “மொதலாளி அங்கன வரவே இல்லைங்கய்யா.”