கண் கொட்டாத ரத்தினபாய்

சரக்... சரக்... சரக்...

கரண்ட் போய்விட்டது. மஸ்கட்டிலிருந்து கணவன் பேசி அனுப்பிய கேசட், "பையன் சிரிச்சா யார் சாயல்..." என்பதோடு நின்றுபோனது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடம் வந்தால் பிரிசில்லா பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். இன்று பயத்தோடு வாசலைப் பார்த்தாள். வெளியே மண் தெருவில் யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம்.

ஏழு மாதப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எதிர்வூட்டு ரத்தினபாய்தாம்மா," என்றாள் பால் ஊற்ற வந்த கன்னியம்மா. "இருட்டினா போதும், இங்கியே சுத்திக்கினு கீது. கண்ணே கொட்டாம பாக்குது பாரு. கொயந்த ரெண்டு நாளா பால் குடிக்கலன்னா சும்மாவா? கண்ணு வெச்சிட்ச்சு."

பிரிசில்லா கான்வென்ட்டில் படித்தவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

கன்னியம்மா போனதும் ரத்தினபாய் கேட்டருகே வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். நிலா வெளிச்சத்தில் தெரிந்த முகத்தில் ஒரு சலனம் இல்லை. இமைக்காத கண்கள்.

"கொழந்தைய ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமாம்மா?"

"தூங்கறான்."

முந்தானைக்குள்ளிருந்து 'ங்கா' என்றது பிள்ளை.

அதற்குள் டார்ச்சோடு ஓடி வந்தார் ரத்தினபாயின் கணவர் பக்தவச்சலம்.

"பயந்துட்டியாம்மா? இவளுக்கு மூளைல ஒரு வியாதி. நாம நினைக்காமலே கண்ணை மூடி மூடித் திறக்கறோமில்ல, அதையும் மூளைதான் செய்ய வைக்குதாம். இவளுக்கு அது குறைஞ்சு போச்சு. நடையும் அதனாலதான். இவளைப் பார்த்தாலே தெருப் பசங்க ஓடிடுதுங்க."

பிரிசில்லா கேட்டைத் திறந்தாள். முந்தானையை விலக்கி, பிள்ளையை அவளருகே கொண்டுபோனாள்.

ரத்தினபாய் கன்னத்தைப் பிள்ளையின் தலைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"சிரிச்சுக்கிட்டுதாம்மா இருக்கேன். மூஞ்சில வரமாட்டேங்குது."

"தெரியுதுக்கா."

"வா, போகலாம்," என்றார் பக்தவச்சலம். "தினம் இருட்டினதும் இங்க வந்து நின்னாத்தான் ஆச்சா உனக்கு?"

"புருஷன் ஊர்ல இல்லாம தனியா இருக்கற பொண்ணுங்க. உள்ள தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பிரிசில்லா உள்ளே போனாள். எதிர்வீடு வரைக்கும் கேட்கட்டுமென்று தாழ்ப்பாளை ஓங்கிப் போட்டாள்.