கோடித் தீவுக்கு ஒரே ஆள்

"ஒரே ஒரு ஆளுக்காக அத்தனை படகும் காத்துக் கிடக்கணுமா? கோடித் தீவுச் சேதியை எடுத்துடுங்க" என்றார் மேலாளர்.

அவள் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். கடலுக்குச் சேதி அனுப்பும் அந்த நிலையத்தில், எது முன்னால் போக வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று முறை வைப்பதுதான் அவள் வேலை. அதனாலேயே அங்கே எல்லோருக்கும் அவள் 'அட்டவணை'. வீட்டில் கணவன்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான்.

இருப்பது ஒரே கோபுரம், ஒரே அலைவரிசை. காற்று, அலை, மீன் விலை என்று ஒவ்வொரு பகுதிக்கான சேதியும் வரிசையாகப் போகும்; ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். படகிலிருக்கும், சேதி வாங்கும் பெட்டி தனக்கு வேண்டிய சேதி வரும்வரை விழித்திருக்க வேண்டும். விழித்திருக்க விழித்திருக்க பேட்டரி இறங்கும். எந்தச் சேதி வேண்டுமென்று படகுக்காரர்கள் பொத்தானை அமுக்கிக் கேட்கலாம். அதிகம் பேர் கேட்பது அடிக்கடி போகும்.

இந்தப் பருவத்தில் தெற்கே படகுகள் பெருகி, சுற்று அனுமார் வால் மாதிரி நீண்டுவிட்டது. போன வாரம் சூறைக்காற்று எச்சரிக்கைக்கு முறை வருவதற்குள் ஒரு படகின் பேட்டரி உயிரை விட்டுவிட்டது. நல்லவேளை, பக்கத்துப் படகு கட்டி இழுத்து வந்தது. அன்றிலிருந்து மேலாளருக்குத் தூக்கமில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கோடித் தீவுச் சேதியைக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெட்டிதான்.

"ஒத்த ஆளுன்னாலும் உயிர் உயிர்தானே சார்" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "மழையோ வெயிலோ, தினமும் விடாம கேக்கறார். நம்மளை நம்பித்தானே சார் அந்த மனுஷன் கடல்ல இறங்கறார்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்படி வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு அவள் நகரவில்லை. வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்த கணக்கை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். தீவுச் சேதியைச் சுற்றிலிருந்து எடுத்துவிடலாம்; காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நேரம் குறித்து அனுப்பலாம். அந்த இரண்டு நேரத்துக்கு மட்டும் அந்தப் படகுக்காரருடைய பெட்டி விழித்தால் போதும், பேட்டரியும் மிச்சம். கேட்பவர் குறைந்த மற்றச் சேதிகளையும் இப்படியே ஒதுக்கினால், சூறைக்காற்று எச்சரிக்கைக்கு இப்போது காத்திருப்பதில் பாதி நேரம் காத்திருந்தால் போதும்.

மேலாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். திரையில் ஓட்டிப் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு வாரமாகக் காணாத தெளிவு தெரிந்தது. நாளைக்கே இப்படி மாற்றிவிடலாம் என்றார். ஆனால் அந்த மனிதர் சம்மதிக்க வேண்டும், நேரம் தவறி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் தலைதான் உருளும் என்றும் சொன்னார்.

மேலாளரே அந்தப் படகுக்காரரின் எண்ணைத் தேடிக் கொடுத்தார். அவள் போன் போட்டு, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தாள். குழந்தை அழும் சத்தம்தான் கேட்டது.

சேதிகளுக்கு முறை வைப்பவள் நான்தான் என்று சொல்லிவிட்டு, புது ஏற்பாட்டை நிதானமாக விளக்கினாள். காலையும் மாலையும் அந்த நேரம் அவருக்குத் தோதுப்படுமா என்று கேட்டாள்.

படகுக்காரர் நேரத்தைப் பற்றிப் பேசாமல் வேறொன்று கேட்டார்.

"போன வருஷம் புயலன்னைக்கு, கோடித் தீவுக் காத்து எந்தப் பக்கம்னு திரும்பத் திரும்ப அனுப்பினது நீதானாம்மா?"

"ஆமாங்க. முறையை மீறி அனுப்பினதுக்குத் திட்டுகூட வாங்கினேன்" என்றாள், மேலாளரைப் பார்க்காமல்.

"அதைப் பிடிச்சுக்கிட்டுத்தாம்மா நான் கரை சேர்ந்தேன்."

அவள் கணக்குத் தாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அப்படியென்றால் இந்த இரண்டு நேரத்தையே உறுதி செய்துவிடலாமா என்று கேட்டாள்.

"எனக்கு எந்த நேரமும் வேண்டாம்மா. அந்தப் புயலோட படகை வித்துட்டு, மக வீட்டுல பேரனைப் பாத்துக்கிட்டிருக்கேன். தீவுலயும் இப்ப ஒரு ஈ காக்கா கிடையாது. கேக்க ஆளில்லாட்டி சேதியை நிறுத்திட்டு, அனுப்பற பொண்ணையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு துறைமுகத்துல பேசிக்கிட்டாங்க. உன் வேலை போயிடக் கூடாதேன்னுதான், பெட்டியை மட்டும் விக்காம வச்சுக்கிட்டு தினமும் பொத்தானை அமுக்கிட்டிருக்கேன்."